காவ் வளர்த்த படை – 9: பர்மா ராமன்

1977 தேர்தலில் இந்திரா காந்தி தோற்றதும் ஆர்.என். காவ் 'ரா' அமைப்பின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியதைச் சென்ற இதழில் பார்த்தோம். காவ் தன் அனுபவங்களை நூலாக வெளியிடாமலே 2002 ஜனவரியில் காலமானார். அவருக்குக் கீழ் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான். வாய் திறக்காமல் இருப்பதே தொழில் தர்மம் என்று வாழ்ந்து முடித்தார்கள். ராவின் கோப்புகளை வெளியே விடும் வழக்கமும் நம் அரசுக்கு இல்லை. அப்படியிருந்தும் இந்தத் தொடரின் எட்டு அத்தியாயங்களை எழுத முடிந்ததற்கு முக்கியக் காரணம் ஒருவர். சம்பவம் நடந்த மேசைக்கு அருகில் உட்கார்ந்திருந்தவர், ஓய்வுக்குப் பிறகு எழுத்தை இரண்டாவது உத்தியோகமாக ஏற்றுக்கொண்டவர். பி. ராமன். முழுப்பெயர் பகுகுடும்பி ராமன். இந்த அத்தியாயம் அவருக்கானது.

ராமன் பிறந்தது 1936 ஆகஸ்ட் 14. பட்டப்படிப்போடு இதழியலில் பட்டயமும் பெற்று, 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளேட்டின் தென்னகப் பதிப்புகளில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். அதற்குப் பிறகுதான் காவல் பணிக்கு வந்தார். 1961-ஆம் ஆண்டு ஐ.பி.எஸ். அணியில் தேறி மத்தியப் பிரதேசத்துக்குப் போனார். அவருடைய வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். கேள்விப்பட்டதை யார் சொன்னார், அவருக்கு அது எப்படித் தெரியும், வேறு யாராவது அதையே சொல்கிறார்களா என்று குடைந்து பார்க்கும் பழக்கம் நல்ல நிருபருக்கும் வேண்டும், நல்ல புலனாய்வு அதிகாரிக்கும் வேண்டும். ராமனுக்கு அது காக்கிச் சட்டை போடுவதற்கு முன்பே பழகியிருந்தது.

மத்தியப் பிரதேசத்தில் அவர் இருந்த காலம் குறைவு. 1967-இல் மத்திய உளவுத் துறையான ஐ.பி.க்கு எடுத்துக்கொள்ளப்பட்டார். அப்போது உள்நாடு, வெளிநாடு இரண்டையும் ஐ.பி.யே கவனித்தது. 1962-இல் சீனா விஷயத்திலும் 1965-இல் பாகிஸ்தான் விஷயத்திலும் நம் உளவு தடுமாறியதை முந்தைய அத்தியாயங்களில் விரிவாகவே சொல்லியிருக்கிறேன். அதன் விளைவாக 1968 செப்டம்பர் 21 அன்று வெளிநாட்டு உளவுக்கென்று தனி அமைப்பு பிறந்தது. ஐ.பி.யிலிருந்து பிரிந்து வந்த சுமார் 250 பேரோடு காவ் அதைத் தொடங்கினார். அந்த 250 பேரில் முப்பத்திரண்டு வயது ராமனும் ஒருவர்.

அவரிடம் ஒப்படைக்கப்பட்டது பர்மா. தமிழர்களுக்குப் பர்மா என்றால் வேறு நினைவுகள் வரும். 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கியும் கடையும் அரசுடைமையானபோது, மூன்று தலைமுறையாக அங்கே சேர்த்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்களின் குடியிருப்புகள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்றும் 'பர்மா காலனி' என்றே இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே அவர்கள் போட்ட கடைகள்தான் பர்மா பஜார். டெல்லியில் ராமனின் மேசைக்கு வந்த பர்மா இதுவல்ல. அது காடும் மலையும் ஒற்றையடிப் பாதையுமான வட பர்மா. நாகா கிளர்ச்சியாளர்கள் 1960-களின் பிற்பகுதியில் குழு குழுவாகக் கச்சின் மலைகளைக் கடந்து சீனாவின் யுன்னான் மாகாணத்துக்கு நடந்து போய், ஆயுதமும் பயிற்சியும் பெற்றுத் திரும்பினார்கள். மிசோ தேசிய முன்னணி 1966-இல் எழுந்திருந்தது. பர்மியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சீனா பின்பலம் கொடுத்தது. யார் எந்தப் பாதையில் போகிறார்கள், யாருடைய அனுமதியோடு போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியது பர்மா பிரிவின் வேலை.

இந்த வேலையில் துப்பாக்கியும் இல்லை, துரத்தலும் இல்லை. எல்லைச் சாவடியிலிருந்து வரும் துண்டுத் தகவல், இடைமறித்த ஒலிபரப்பு, ரங்கூனிலிருந்து வரும் தூதரகக் கடிதம், அங்கே அச்சாகும் செய்தித்தாள் என எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்து, இதில் நம்பக்கூடியது எது என்று பொறுக்கி எடுத்து, மேலே உள்ளவர்கள் ஒரே பக்கத்தில் படிக்கும்படி எழுத வேண்டும். நம் திரைப்படங்கள் உளவாளியைக் காட்டும் விதத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சப்பென்று தோன்றலாம். ஆனால் ஓர் உளவு அமைப்பு நிற்பதும் விழுவதும் இந்தக் குறிப்பு எழுதுகிறவர்களால்தான். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ராமன் அந்த நாற்காலியில் இருந்தார். ராவிலும் வெளியுறவு அமைச்சகத்திலும் அவருக்கு 'பர்மா ராமன்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

1975-இல் பாரிஸ். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு. பிரெஞ்சு உளவுத் துறையின் தலைவராக அப்போது இருந்தவர் அலெக்சாந்தர் தெ மராஞ்ச். அவருக்கும் காவுக்கும் நல்ல நெருக்கம். ராமன் பின்னாளில் எழுதியதன்படி, இந்தியா, பிரான்ஸ், ஈரான் ஆகிய மூன்று நாடுகளின் உளவு அமைப்புகளும் கூட்டாக ஒரு திட்டம் போட்டிருந்தன. இந்தியப் பெருங்கடலில் அமெரிக்கக் கடற்படையின் நடமாட்டத்தை ஒட்டுக்கேட்க நம் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் நிலையங்கள் அமைப்பது என்பது அதன் சாரம். கருவியும் பயிற்சியும் பிரான்சுடையது, பணம் ஈரானுடையது, ஆட்கள் நம்முடையவர்கள். 1971 போரின்போது அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படை வங்காள விரிகுடாவுக்குள் வந்த அதிர்ச்சி டெல்லிக்கு அப்போதும் ஆறவில்லை என்பதை நினைவில் வைத்தால் இதன் அவசரம் புரியும். திட்டத்துக்கு முடிவு வந்ததோ யாரும் எதிர்பாராத திசையிலிருந்து. 1978 அக்டோபரில் ஆயத்துல்லா கொமேனி பாரிசுக்கு அருகில் நோஃப்ல்-லெ-ஷாத்தோ என்ற சிற்றூரில் வந்து தங்கினார். 1979 பிப்ரவரி 1 அன்று அங்கிருந்து விமானமேறி டெஹ்ரானில் இறங்கினார். ஷாவின் ஆட்சி கவிழ்ந்தது, அவருடைய உளவு அமைப்பும் கலைந்தது, மூவர் கூட்டிலிருந்து ஈரான் உதிர்ந்தது. ராமன் அந்தக் காலம் முழுவதும் பாரிசில்தான் இருந்தார்.

இதே ஆண்டுகளில் டெல்லியில் மொரார்ஜி தேசாய் ராவின் ஆள்பலத்தையும் வேலைகளையும் வெட்டிக்கொண்டிருந்தார். நெருக்கடி நிலையில் இந்திராவின் கையாளாக ரா இருந்தது என்ற நம்பிக்கை அவருக்கு. இந்தக் காலத்தைப் பற்றி ராமன் எழுதியதில் ஒரு செய்தி இன்றும் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. பாகிஸ்தான் கஹூட்டாவில் ரகசியமாக அணு வேலை செய்வது இந்தியாவுக்குத் தெரியும் என்பதை, ஜெனரல் ஜியா-உல்-ஹக்கோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது மொரார்ஜியே வாய்தவறிச் சொல்லிவிட்டார் என்பது அது. ராமனின் கூற்றாகவே இதை இங்கே பதிவு செய்கிறேன். எதிரி தன்னிடம் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும் என அறிந்துகொண்டால், அடுத்து அவன் தேடுவது அதை யார் சொன்னது என்பதைத்தான். களத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கோபம் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தணியவில்லை என்பது ராமனின் எழுத்தில் தெரிகிறது.

பிறகு 1985 முதல் 1988 வரை ஜெனீவா. அதைக் கடந்து போகலாம், ஏனென்றால் அவருடைய பெயர் நிலைத்ததற்குக் காரணமான ஆண்டுகள் அதன்பின் வந்தவை. 1988-இல் ராவின் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைவரானார். ஓய்வுபெறும் வரை ஆறு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். பஞ்சாப் எரிந்துகொண்டிருந்தது. 1989 முடிவில் காஷ்மீர் பற்றிக்கொண்டது. 1991-இல் ஸ்ரீபெரும்புதூர். 1993-இல் பம்பாய். சுதந்திர இந்தியாவின் உள்நாட்டுப் பாதுகாப்புக்கு இவ்வளவு கடுமையான ஆறு ஆண்டுகள் வாய்த்ததில்லை.

இந்தக் காலத்திலிருந்து ராமனிடம் ஒரு பிடிவாதம் தெளிவாகத் தெரிகிறது. பாகிஸ்தானின் ஐ.எஸ்.ஐ.தான் செய்தது என்று சொல்வது சுலபம். உலகத்தின் முன் அதை நிரூபிக்கக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரு பொருள் வேண்டும். 1984 ஆகஸ்டில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டு லாகூர், கராச்சி வழியாகத் துபாய்க்குப் போனது. துபாயில் சரணடைந்த கடத்தல்காரர்களோடு அவர்களிடமிருந்த கைத்துப்பாக்கியும் இந்தியாவின் கைக்கு வந்தது. விமானத்தில் ஏறியபோது அவர்களிடம் துப்பாக்கி இல்லை. லாகூரில்தான் அது அவர்கள் கைக்குப் போனது. தயாரிப்பு எண்ணை வைத்து மேற்கு ஜெர்மனியிடம் கேட்டபோது, பாகிஸ்தான் அரசுக்கு விற்ற சரக்கில் ஒன்று என்று பதில் வந்தது. ராமன் இந்தக் கதையைத் தன் கட்டுரைகளில் பலமுறை எடுத்துச் சொன்னார்.

அதே முறையைப் பம்பாயிலும் பார்க்கிறோம். 1993 மார்ச் 12, வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றரை மணிக்குப் பங்குச் சந்தைக் கட்டடத்தில் தொடங்கிய குண்டுவெடிப்புகளில் 257 பேர் இறந்தார்கள். வெடிக்காமல் சிக்கியவற்றில் கையெறி குண்டுகளும் ஒரு டைமர் கருவியும் இருந்தன. ஆஸ்திரிய வல்லுநர்கள் குண்டுகளைப் பார்த்துவிட்டு, தங்கள் நாட்டு நிறுவனத்திடம் தொழில்நுட்பம் வாங்கிப் பாகிஸ்தானில் தயாரிக்கப்பட்டவை என்று சொன்னார்கள். டைமரை அமெரிக்க வல்லுநர்கள் தங்கள் நாட்டுக்கே எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். அது அமெரிக்கத் தயாரிப்பு, பாகிஸ்தானுக்குக் கொடுத்தவற்றில் ஒன்று என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இதை வைத்துப் பாகிஸ்தான் அரசின் மீது பழி சொல்ல முடியாது என்றும் கூடவே சொன்னார்கள். டைமரைத் திருப்பிக் கேட்டபோது, அது தவறுதலாக அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்ததாக ராமன் எழுதியிருக்கிறார். 257 பேர் செத்த வழக்கின் சான்றுப்பொருள் நட்பு நாடு ஒன்றின் ஆய்வகத்தில் காணாமல் போனது. அமெரிக்காவின் பயங்கரவாத எதிர்ப்புப் பேச்சை ராமன் கடைசி வரை முழுதாக நம்பாததற்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

குண்டுவெடிப்புக்கு முன்பே மேமன் குடும்பம் பம்பாயை விட்டுப் போய்விட்டது. அந்தக் குடும்பத்து டைகர் மேமன்தான் சூத்திரதாரி. குடும்பம் கராச்சியில் ஐ.எஸ்.ஐ.யின் கண்காணிப்பில் இருந்தது. 1994 ஜூலையில், ராமன் ஓய்வுபெறச் சில வாரங்களே இருந்தபோது, டைகரின் தம்பியும் பட்டயக் கணக்காளருமான யாக்கூப் மேமன் காத்மாண்டுவில் பிடிபட்டார். அரசின் அதிகாரபூர்வமான கதை வேறு. 1994 ஆகஸ்ட் 5 அன்று டெல்லி ரயில் நிலையத்தில் கைது செய்ததாக சி.பி.ஐ. சொன்னது. உண்மையில் நடந்தது என்ன என்பதை ராமன் 2007-இல் எழுதினார். அதற்குப் பின்னால் வருகிறேன். யாக்கூப் பிடிபட்டதும் அவர் குடும்பத்தைச் சேர்ந்த மேலும் சிலர் கராச்சியிலிருந்து துபாய்க்கு வந்து இந்திய அதிகாரிகளிடம் சேர்ந்ததும் ராமன் ஒருங்கிணைத்த கடைசி வேலைகள். 1994 ஆகஸ்ட் 31 அன்று, மத்திய அமைச்சரவைச் செயலகத்தின் கூடுதல் செயலாளராக ஓய்வுபெற்றார்.

ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகள் டெல்லியில் வீடு பிடித்து, ஆளுநர் பதவியோ வாரியத் தலைவர் பதவியோ வருமா என்று அதிகார வாசல்களைச் சுற்றி வருவது நாம் அறிந்ததே. திருமணமே செய்துகொள்ளாத ராமன் சென்னைக்கு வந்து சேர்ந்தார். எழுதத் தொடங்கினார். சென்னையில் இயங்கிய ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் என்பதுதான் அவருடைய கட்டுரைகளின் அடியில் இருந்த பதவி. எஸ். சந்திரசேகரன் நடத்திய தெற்காசிய ஆய்வுக் குழுவுக்கும், அவுட்லுக், ரெடிஃப் போன்ற இதழ்களுக்கும் நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். பயங்கரவாதம் பற்றி வரிசை எண் போட்டு அவர் எழுதிய தொடர் ஆண்டுக்கணக்கில் ஓடியது.

அந்தக் கட்டுரைகளின் உருவமே தனி. ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருப்பார், அரசுக் கோப்பில் குறிப்பு எழுதுவதுபோல. அலங்காரம் கிடையாது. இது உறுதியான தகவல், இது என் அனுமானம், இதற்கு ஆதாரம் போதாது என்று பிரித்துச் சொல்வார். படிப்பவர் பிரதமர் அலுவலகத்து அதிகாரியா, திருச்சியில் இணைய மையத்தில் உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவரா என்று பார்த்து நடையை மாற்றவில்லை. பர்மா மேசையில் பிரதமருக்கு எழுதிய அதே ஒழுங்கோடு, யாரென்றே தெரியாத வாசகனுக்கும் எழுதினார். நம் நாட்டில் பாதுகாப்பு பற்றிய எழுத்து என்பது பெரும்பாலும் பெயர் சொல்ல விரும்பாத அதிகாரி கசியவிட்டதை அப்படியே வாங்கிப் போடுவதாக இருந்தது. அந்தச் சூழலில் பாகிஸ்தான் நாளேடுகள், நீதிமன்ற ஆவணங்கள், இயக்கங்களே வெளியிடும் அறிக்கைகள் என யாரும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஆதாரங்களை வைத்து வாதம் கட்டினார். லஷ்கர்-எ-தொய்பாவைக் காஷ்மீர்ப் பிரச்சினையோடு மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டாம், அது பின் லாதனின் உலகக் கூட்டணியில் சேர்ந்த இயக்கம் என்று 2008 நவம்பருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிக்கொண்டிருந்தார். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகுதான் மேற்கு நாடுகளுக்கு அது உறைத்தது.

அரசும் அவரை மறந்துவிடவில்லை. கார்கில் போருக்குப் பின் கே. சுப்பிரமணியம் தலைமையிலான குழு உளவு அமைப்புகளின் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியது. அதன் தொடர்ச்சியாக 2000-இல் நான்கு பணிக்குழுக்கள் அமைக்கப்பட்டன. உளவுத் துறைச் சீரமைப்புக்கான குழுவுக்கு ராவின் முன்னாள் தலைவர் கிரீஷ் சக்சேனா தலைவர். ராமன் அதில் உறுப்பினர். தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவிலும் இரண்டு ஆண்டுகள் இருந்தார். இன்றைய பாதுகாப்புப் படைகளின் கூட்டு உளவு முகமையும் தொழில்நுட்ப உளவுக்கான தனி அமைப்பும் அந்தச் சீரமைப்பில் விளைந்தவை.

2007-இல் அவருடைய நினைவுக்குறிப்பு நூல் வந்தது. 'தி காவ்பாய்ஸ் ஆஃப் ஆர் அண்ட் ஏ டபிள்யூ' என்று பெயர். காவின் ஆட்களை 'காவ்பாய்ஸ்' என்று அழைப்பது வழக்கம். அதைக் கேள்விப்பட்டு, ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) சி.ஐ.ஏ. இயக்குநராக இருந்தபோது காவுக்கு ஒரு கௌபாய் சிலையைப் பரிசளித்தார். காவ் ஒரு சிற்பியைக் கொண்டு அதைப் பெரிய உருவில் செய்வித்து ராவுக்குக் கொடுத்தார்.

காவ் மீது ராமனுக்கு இருந்த மரியாதை நூல் முழுவதும் தெரிகிறது. ஆனால் தன் அமைப்பின் அழுக்கை அவர் மூடி மறைக்கவில்லை. சென்னையில் பணியிலிருந்த அதிகாரி ஒருவர் 1987-இல் சி.ஐ.ஏ.வுக்குத் தகவல் கொடுத்ததாகக் கைதானது, 2004-இல் இன்னொருவர் நாட்டை விட்டே தப்பி ஓடியது, ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தது, உறவினர்களுக்குச் சலுகை காட்டி ஆளெடுத்தது எல்லாம் அதில் இருக்கின்றன. 1997-இல் ஐ.கே. குஜ்ரால் பிரதமரானபோது பாகிஸ்தானுக்கு எதிரான மறைமுக நடவடிக்கைகளை நிறுத்தியதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறார். அந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை. யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத நடவடிக்கை யார் கையில் இருந்தாலும் ஆபத்துதான் என்பது என் எண்ணம். ராமன் மென்மையான ஆள் இல்லை, பாகிஸ்தான் விஷயத்தில் கடுமையானவர் என்பதை வாசகர்கள் இங்கே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போவது அப்படிப்பட்ட ஒருவர் எழுதியது.

2007 ஜூலை 27 அன்று மும்பை தடா நீதிமன்றம் யாக்கூப் மேமனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதற்குப் பிறகு ராமன் ரெடிஃப் இதழுக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். யாக்கூப் காத்மாண்டுவுக்கு வந்ததே, இந்தியா திரும்பிச் சரணடையலாமா என்று உறவினர் ஒருவரிடமும் வழக்கறிஞரிடமும் கலந்து பேசுவதற்குத்தான். வேண்டாம் என்று அவர்கள் தடுத்தார்கள். கராச்சிக்குத் திரும்பிப் போகும் வழியில் நேபாளக் காவல்துறை சந்தேகத்தில் பிடித்தது. அங்கிருந்து இந்திய ஊர் ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்டு, அரசு விமானத்தில் டெல்லிக்கு வந்து சேர்ந்தார். பிறகு டெல்லியில் கைதானதாகக் கணக்குக் காட்டப்பட்டது. வந்தபின் விசாரணைக்கு ஒத்துழைத்தார். ஐ.எஸ்.ஐ.யின் பங்கைப் பற்றித் தகவல் தந்தார். குடும்பத்தில் மற்றவர்கள் கராச்சியை விட்டு வர உதவினார். இவைதான் ராமன் சொன்னவை. சதியில் யாக்கூபுக்குப் பங்கில்லை என்று ராமன் எங்கும் சொல்லவில்லை. பங்கு இருந்ததில் சந்தேகமே இல்லை என்று தெளிவாக எழுதினார். ஆனால் பிடிபட்ட பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தை அரசுத் தரப்பு நீதிமன்றத்தின் முன் வைக்கவில்லை, அதையும் எடைபோட்டால் தூக்கு வேண்டுமா என்று மறுபடி யோசிக்க இடமிருக்கிறது என்பதே அவருடைய வாதம்.

அனுப்பிய பிறகு, இதை வெளியிட வேண்டாம் என்று ராமனே கேட்டுக்கொண்டார். தான் சொல்வதைப் பிடித்துக்கொண்டு மற்றக் குற்றவாளிகள் தப்பிவிடக்கூடும் என்ற கவலை அவருக்கு இருந்தது. ஆசிரியர்கள் வாக்கைக் காப்பாற்றினார்கள். 2013 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. அப்போது ராமன் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். பாரிஸ் நாட்களின் நினைவாக 'சோர்போன்75' என்ற பெயரில் ட்விட்டரில் எழுதிவந்த அவர், தன் நோயைப் பற்றியும் அங்கே ஒளிவுமறைவின்றி எழுதினார். 2013 ஜூன் 16 அன்று சென்னையில் காலமானார். வயது 76.

அந்தக் கட்டுரை 2015 ஜூலை 24 அன்று, அவருடைய அண்ணனும் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியுமான பி.எஸ். ராகவனின் அனுமதியோடு வெளியானது. தூக்குக்கு அப்போது ஆறு நாட்களே இருந்தன. நாடு முழுவதும் பேசியது. ஜூலை 30 அதிகாலை மூன்று மணிக்கு மேல் உச்ச நீதிமன்றம் கூடி கடைசி மனுவைக் கேட்டுத் தள்ளுபடி செய்தது. சில மணி நேரத்தில் நாக்பூர் சிறையில் யாக்கூப் தூக்கிலிடப்பட்டார். அன்றுதான் ராமேஸ்வரத்தில் அப்துல் கலாமின் நல்லடக்கம் என்பதால், தமிழ்நாட்டில் பலருக்கு அந்தக் கட்டுரை கண்ணில் படாமலே போயிருக்கலாம்.

257 பேரின் குடும்பங்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் நீதிக்குக் காத்திருந்தன. அவர்களுடைய காத்திருப்பை யாரும் சிறிதாகப் பேசக் கூடாது. ஆயினும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ராமன் அதை 2007-லேயே வெளியிட்டிருக்க வேண்டும். மேல்முறையீடு நடந்த ஆறு ஆண்டுகளில் அந்தத் தகவல் வெளியில் இருந்திருந்தால், நீதிபதிகள் அதை ஏற்றிருப்பார்களோ மறுத்திருப்பார்களோ, அதைக் கேட்டாவது இருப்பார்கள். தூக்குக் கயிறு தயாரான பிறகு வந்த சாட்சியத்தால் அதைச் செய்ய முடியவில்லை. அதே நேரத்தில், தன் கையால் பிடித்துக் கொடுத்தவனுக்காக, தன் அமைப்பும் அரசுத் தரப்பும் சொல்லாமல் விட்டதை எழுத்தில் பதிவு செய்தவர் அவர் ஒருவர்தான்.

ராமனைப் போல இனி ஒருவர் எழுத முடியுமா என்பதுதான் இப்போது கேள்வி. அவருடைய நூல் வந்த அடுத்த ஆண்டான 2008-இல், உளவு அமைப்புகளில் ஓய்வுபெற்றவர்கள் முன் அனுமதி பெறாமல் பாதுகாப்பு சார்ந்த முக்கியத் தகவல்களை வெளியிடக் கூடாது என்று மத்திய அரசு ஓய்வூதிய விதியைத் திருத்தியது. 2021 மே மாதம் அந்த விதி இன்னும் இறுக்கப்பட்டது. அமைப்பின் எல்லைக்குள் வரும் எந்த விஷயமானாலும், அங்கே வேலை பார்த்ததால் கிடைத்த அறிவும் தேர்ச்சியுமானாலும், துறைத் தலைவரின் அனுமதியில்லாமல் எழுதக் கூடாது. மீறினால் ஓய்வூதியம் போகும். 2023-இல் ஐ.பி.எஸ். உள்ளிட்ட அகில இந்தியப் பணி அதிகாரிகளுக்கும் அதே கட்டுப்பாடு வந்தது. உளவாளிகளின் பெயரையும் செயல்முறையையும் காப்பது நியாயம். அதற்கு அலுவல் ரகசியச் சட்டமே போதும். ஒருவர் முப்பது ஆண்டுகளில் கற்றதையே பூட்டிவைப்பது பாதுகாப்பு ஆகாது. ராமன் சென்னையில் இருந்து எழுதிய பத்தொன்பது ஆண்டு எழுத்தில் பெரும்பகுதி இந்த விதியின் கீழ் வந்திருக்கும். நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் இதைப் பற்றிக் கேட்க வேண்டும். இந்தத் தொடரைப் படிப்பவர்களில் அவர்களைச் சந்திக்கும் வாய்ப்பு உள்ளவர்கள் தயவுசெய்து இதை எடுத்துச் சொல்லுங்கள்.

(தொடரும்)